ஒற்றை ட்ரிக்கராக மாற்றிய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

இரண்டு ட்ரிக்கரோடு செய்யப்பட்ட துப்பாக்கி. பல வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் அதை ஒற்றை ட்ரிக்கராக மாற்றியிருக்கிறார். இன்று அது உங்கள் கையில் இருக்கிறது, ஒரு நாள் ஒழுங்காகச் சுடுகிறது, மறுநாள் முரண்டு பிடிக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் தீர்ப்பு என்னவென்று எனக்குத் தெரியும்: "மாற்றிய ட்ரிக்கர்தானே, அது அப்படித்தான்." பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணம் வீணாகிறது, ஏனென்றால் ட்ரிக்கரைக் கழற்றிப் புதிதாகச் செய்து போட்ட பிறகும் அதே கோளாறு அப்படியே இருக்கும் துப்பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சந்தேகப்பட வேண்டிய இடம் நான்கு. ஒன்று ட்ரிக்கர் பொறி. இரண்டு லாக், அதாவது ஊசியைத் தட்டித் தோட்டாவை வெடிக்கவைக்கும் பொறி, அதிலும் தட்டும் சுத்தியலான ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியான சியர். மூன்று மரம், அதாவது தோளில் பதியும் கட்டை. நான்கு தோட்டாவும் சுடுபவரின் விரலும் தோளும் சேர்ந்த கூட்டணி. யார் குற்றவாளி என்று தெரியாமல் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள், கீழே சொல்லியிருக்கும் எதற்கும் திருப்புளி தேவையில்லை.

தேவைப்படுவது இவ்வளவுதான்: நல்ல ஸ்னாப் கேப் (மருந்தில்லாத பயிற்சித் தோட்டா) இரண்டு, கொஞ்சம் அலுமினிய ஒட்டுத்தாள், ட்ரிக்கர் இழுப்பை அளக்கும் தராசு, குறித்துக்கொள்ள ஒரு காகிதம். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை இரண்டும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் செய்யும் சோதனைகளை உண்மையான தோட்டா வைத்திருக்கும் வீட்டு அறையில் செய்யவே கூடாது. ஸ்னாப் கேப்பும் தோட்டாவும் ஒரே மேசையில் கிடந்தால் என்றைக்காவது ஒருநாள் கை மாறும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை

இது தெரியாமல் மேலே போனால் எல்லாமே குழப்பம். ஒற்றை ட்ரிக்கர் என்பது வெறும் இணைப்புக் கம்பி இல்லை. முதல் குழல் வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, விரலுக்கும் ட்ரிக்கருக்கும் இடையே இருந்த அழுத்தம் விட்டுப்போகிறது, தோளில் மோதிய துப்பாக்கி முன்னால் திரும்பும்போது ட்ரிக்கர் மறுபடி விரலில் வந்து இடிக்கிறது. அதாவது சுடுபவர் தனக்கே தெரியாமல் இரண்டாவது முறை இழுத்துவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் ஒற்றை ட்ரிக்கர் செய்ய முயன்றவர்கள் இதில்தான் திண்டாடினார்கள்: பட்டறையில் காலியாகத் தட்டினால் அழகாக ஒன்றன்பின் ஒன்றாக விழும், தோட்டா போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். லண்டன் பாஸ் துப்பாக்கி நிறுவனத்தின் ஜான் ராபர்ட்சன் 1894இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு இந்தத் தெரியாத இழுப்பையும் ஒரு இழுப்பாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. முதல் இழுப்பு ஒரு குழல், இரண்டாவது வெற்று, மூன்றாவது அடுத்த குழல். மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள்: உதைப்பு நடக்கும் அந்த நொடித்துணுக்கில் மட்டும் ஒரு எடைக்கட்டி நகர்ந்து குறுக்கே நிற்கும், அடங்கியதும் விலகும். இன்னொரு கூட்டம் உதைப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டது, உதைப்பு வந்து எடைக்கட்டியைத் தள்ளினால்தான் இரண்டாவது குழலின் சியரோடு ட்ரிக்கர் இணையும்.

அமெரிக்காவில் எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளின் ஹன்டர் ஒன்-ட்ரிக்கர் 1904இல் வந்தது, ஃபாக்ஸ் துப்பாக்கிகளில் காட்ஸ்கி ட்ரிக்கர் 1914இல், பார்க்கர் 1922இல். இவையெல்லாம் தொழிற்சாலை வேலை. இரண்டு ட்ரிக்கர் துப்பாக்கிகளில் பின்னால் பொருத்தியவற்றில் பென்சில்வேனியாவின் மில்லர் ட்ரிக்கர் பேர் போனது, இன்ஃபாலிபிள் என்றும் ஒன்று உண்டு. ஒருபோதும் தவறாதது என்று பெயர் வைத்த தைரியத்தைப் பாராட்டலாம், எந்த ட்ரிக்கருக்கும் அந்தப் பெயர் நிலைக்காது. இவை தவிர பெயரே இல்லாமல் ஏதோ ஒரு பட்டறையில் ஒருவர் தன் மூளையைப் போட்டுச் செய்த வேலைகளும் நிறைய உண்டு. உங்களுடையது அப்படி ஒன்றாக இருந்தால் வரைபடம் கிடைக்காது, சோதனைதான் வழி.

சோதனை எளிது. இரண்டு அறையிலும் ஸ்னாப் கேப் போட்டு மூடுங்கள், சேஃப்டியை விலக்குங்கள். இழுங்கள், முழுதாக விடுங்கள், மறுபடி இழுங்கள். இரண்டாவது இழுப்பிலேயே இரண்டாவது ஹேமர் விழுந்தால் உதைப்பு தேவைப்படாத வகை. இரண்டாவது வெறுமனே போய் மூன்றாவதில் விழுந்தால் மூன்று இழுப்பு வகை. எத்தனை முறை இழுத்தாலும் விழாமல், பின்கட்டையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டியபின் இழுத்தால் விழுகிறது என்றால் உதைப்பை நம்பியிருக்கும் வகை. இதைக் காகிதத்தில் எழுதி துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். "கோளாறு" என்று பழுதுபார்ப்பவரிடம் போகும் துப்பாக்கிகளில் சில, வீட்டில் காலியாக இழுத்துப் பார்த்து இரண்டாவது விழவில்லை என்று பயந்து எடுத்துவரப்பட்ட, எந்தக் குறையும் இல்லாத, உதைப்பு வகைத் துப்பாக்கிகள்தான்.

ஒரே இழுப்பில் இரண்டு குழலும் வெடிக்கிறது

மிக மோசமான அறிகுறி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே. இது ஒருமுறை நடந்தாலும் அன்றைக்கு இரண்டு தோட்டா போடுவதை நிறுத்துங்கள். இரட்டை உதைப்பில் தோள் வலிப்பது ஒரு பக்கம், இரண்டாவது குண்டுக்கூட்டம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது என்பது மறுபக்கம். பழைய துப்பாக்கியின் கைப்பிடிப் பகுதி மரம் இதில் பிளக்கவும் செய்யும். சிலருக்கு இரட்டைவெடி நடந்ததே தெரியாது, "இன்றைக்கு என்ன இப்படி உதைக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள், திறந்து பார்த்தால் இரண்டும் காலி.

இதற்குக் காரணம் இரண்டே வகைதான். ஒன்று, முதல் உதைப்பின் அதிர்ச்சியில் இரண்டாவது ஹேமர் சியரிலிருந்து தானாக நழுவுகிறது. இதில் ட்ரிக்கருக்குச் சம்பந்தமே இல்லை, இரண்டு ட்ரிக்கர் துப்பாக்கியிலும் இது நடக்கும். இன்னொன்று, மேலே சொன்ன தெரியாத இழுப்பைத் தடுக்க வேண்டிய பொறி தடுக்கத் தவறுகிறது. முதலாவது லாக்கின் குற்றம், இரண்டாவது ட்ரிக்கரின் குற்றம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வீட்டில் செய்யும் சோதனை: ஸ்னாப் கேப் போட்டு மூடி, சேஃப்டியை விலக்கி, விரலை ட்ரிக்கர் பக்கமே கொண்டுபோகாமல், தடித்த விரிப்பு போட்ட தரையில் பின்கட்டையைச் சிறு உயரத்திலிருந்து இரண்டு மூன்று முறை இடியுங்கள். ஹேமர் விழும் சத்தம் கேட்டால் வழக்கு முடிந்தது, லாக்தான். கேட்கவில்லை என்றால் லாக் நிரபராதி என்று அர்த்தமில்லை, தரையில் இடிப்பதும் தோட்டாவின் உதைப்பும் ஒன்றல்ல.

அப்போது சுடுமிடத்தில் செய்யும் சோதனை. முதலில் வெடிக்கும் குழலில் மட்டும் உண்மைத் தோட்டா, அடுத்ததில் ஸ்னாப் கேப். அந்த ஸ்னாப் கேப்பின் அடிப்பக்கத்தில், ஊசி வந்து குத்தும் இடத்தில், அலுமினிய ஒட்டுத்தாளில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். சுட்டதும் திறந்து பாருங்கள், தாளில் குழி விழுந்திருந்தால் இரண்டாவது ஹேமரும் விழுந்திருக்கிறது. தாள் எதற்கு என்றால், துப்பாக்கியைத் திறக்கும்போதே ஹேமர்கள் மறுபடி ஏறிக்கொள்ளும், சாட்சி அழிந்துபோகும். பக்கவாட்டில் தங்கக் கோடு போட்ட நல்ல சைட்லாக் (லாக் பக்கத் தகட்டில் பொருந்திய வகை) என்றால் திறப்பதற்கு முன்பே அந்தக் கோட்டின் திசையைப் பார்த்து ஹேமர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம், எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

இதைப் பத்துத் தடவையாவது, இரண்டு விதமாகச் செய்யுங்கள். முதல் ஐந்தில் ட்ரிக்கரை இழுத்து, உதைப்பு முழுக்க அடங்கும் வரை விடாமல் பின்னாலேயே இறுக்கிப் பிடித்திருங்கள். ட்ரிக்கரே திரும்பாதபோது தெரியாத இழுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அப்படியும் தாளில் குழி விழுகிறது என்றால் சியர் நழுவுகிறது என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். அடுத்த ஐந்தில் வழக்கம்போல இயல்பாகச் சுடுங்கள். இறுக்கிப் பிடித்தால் வராமல் இயல்பாகச் சுட்டால் மட்டும் வருகிறது என்றால் தடுப்புப் பொறி சோம்பிக் கிடக்கிறது.

லாக்தான் என்று தெரிந்தால் என்ன? சியரின் மூக்கும் ஹேமரில் உள்ள காடியும் சந்திக்கும் இடம் மிகச் சிறியது. அந்த விளிம்பு தேய்ந்திருக்கலாம், சியர் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம், உறைந்த எண்ணெய் சியரைக் காடிக்குள் முழுதாக இறங்க விடாமல் தாங்கியிருக்கலாம். கடைசியானது மட்டும்தான் சுத்தம் செய்தால் தீரும். முதலாவது பெரும்பாலும் யாரோ "இழுப்பை இனிமையாக்குகிறேன்" என்று கல்லால் தேய்த்ததன் விளைவு. பழைய லாக்குகளில் பல பாகங்களின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, உள்ளே மெதுவான இரும்பு. தேய்த்தவர் அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் விளிம்பு மழுங்கி நழுவ ஆரம்பிக்கும். இது வீட்டு வேலை இல்லை. யாராவது வீட்டிலேயே செய்யலாம் என்று காணொளி போட்டிருந்தால் பார்த்து ரசியுங்கள், கையை வைக்காதீர்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: சேஃப்டி போட்டிருந்தால் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி ட்ரிக்கரை மட்டும்தான் பூட்டும், ஹேமரையும் சியரையும் பூட்டாது. நழுவும் சியர், சேஃப்டி போட்ட துப்பாக்கி கீழே விழுந்தாலும் நழுவும். உயர்ரக சைட்லாக்குகளில் இப்படி நழுவும் ஹேமரை வழியிலேயே மறிக்க இன்னொரு சியர் உண்டு, லாக் நடு இரும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் சாதாரண பாக்ஸ்லாக்கில் அது கிடையாது.

இழுப்பு எடையையும் அளந்துவிடுங்கள். முதல் குழலுக்குச் சுமார் 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ, இரண்டாவதுக்கு 4½ பவுண்டு, சுமார் 2 கிலோ என்பது பழைய ஆங்கிலேயப் பழக்கம். இரண்டாவது கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு, முதல் குழலின் உதைப்பைத் தாங்கி நிற்க வேண்டிய சியர் அதுதான். 3 பவுண்டுக்குக் கீழே, அதாவது 1.4 கிலோவுக்கும் குறைவாகக் காட்டினால் வேறு எதையும் தேடுவதற்கு முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சுடுபவர் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. தோளில் தளர்வாக வைத்தால் துப்பாக்கி அதிகம் ஆடும், ஆட்டம் கூடினால் விரலில் ட்ரிக்கர் இடிக்கும் வேகமும் கூடும். மேசை மேல் மணல்மூட்டை வைத்து அதில் சாய்த்துச் சுடும்போது மட்டும் இரட்டைவெடி வருகிறது, நின்று சுட்டால் வருவதில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். அதற்காகப் பிடியை மாற்றிக்கொண்டு விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை, நல்ல தடுப்புப் பொறி பிடி தளர்ந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் எங்கே தேடுவது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

முதல் குழல் வெடிக்கிறது, இரண்டாவது வரவில்லை

அடிக்கடி வருகிற புகார், ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம். ட்ரிக்கர் இழுபடுகிறதா, எதிலும் சிக்காமல் காற்றில் போவதுபோல் இருக்கிறதா, இல்லை கல்லாக நிற்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

காற்றில் போவதுபோல் இருந்தால், துப்பாக்கி உதைப்பு வகை என்றால், எடைக்கட்டி நகரவில்லை. இங்கேதான் பழைய துப்பாக்கிக்கே உரிய ஒரு முரண் இருக்கிறது. நூறு வயதுத் துப்பாக்கி, 65 மில்லிமீட்டர் அறை, மெல்லிய மரம், ஆகவே பொறுப்புள்ளவர்கள் எல்லாரும் லேசான தோட்டா போடச் சொல்கிறார்கள், சரியான அறிவுரைதான். ஆனால் அந்த ட்ரிக்கரை அமைத்தவர் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த 28, 30 கிராம் ஈயத்தின் உதைப்புக்கு ஸ்ப்ரிங்கைச் சரிசெய்திருப்பார். நீங்கள் 21 அல்லது 24 கிராம் போட்டால் எடைக்கட்டி பாதி வழியில் நின்றுவிடும். அதே துப்பாக்கிக்குப் பொருந்தும், அழுத்தம் குறைந்த, ஆனால் 28 கிராம் ஈயம் உள்ள தோட்டாவை ஒரு பெட்டி மட்டும் சுட்டுப் பாருங்கள். கோளாறு மறைந்தால் பொறியில் பழுதில்லை, உங்கள் தோட்டாவும் அதன் ஸ்ப்ரிங்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இதற்காக அறை நீளத்துக்குப் பொருந்தாத, அழுத்தம் கூடிய தோட்டாவைப் போட்டுச் சோதிக்கவே வேண்டாம். ட்ரிக்கரைப் பரிசோதிக்கப் போய்க் குழலைப் பறிகொடுக்கக் கூடாது.

பின்கட்டைக்குள் ஈயம் போட்டு எடை கூட்டியிருந்தாலும் இதே கதைதான், துப்பாக்கி கனக்கக் கனக்க உதைப்பின் வேகம் குறையும்.

உதைப்பு வகையில் இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் சத்தம் மந்தமாக, புஸ்ஸென்று கேட்டு இரண்டாவது வரவில்லை என்றால் ட்ரிக்கரைத் திட்டாதீர்கள், அது உங்களுக்கு நன்மை செய்திருக்கிறது. அரைகுறையாக எரிந்த தோட்டாவின் வாட் (மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே உள்ள அடைப்பு) குழலுக்குள் சிக்கியிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா.

உதைப்பு தேவைப்படாத வகையில் இது நடந்தால் விரலைச் சந்தேகியுங்கள். ட்ரிக்கர் முழுதாக முன்னால் திரும்பினால்தான் பொறி அடுத்த பக்கத்துக்கு மாறும். அவசரத்தில் பாதிதான் விடுகிறோம், குளிருக்குத் தடித்த கையுறை போட்டால் கால்வாசிதான் விடுகிறோம். யாராவது பக்கத்தில் நின்று விரலைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்ல முடியாது. இதில் மாற்றி அமைத்த துப்பாக்கிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ட்ரிக்கர் துப்பாக்கியில் முன் ட்ரிக்கருக்கும் பின் ட்ரிக்கருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு அங்குலம். மாற்றியவர் புது ட்ரிக்கரை எந்த இடத்தில் வைத்தார் என்பதைப் பொறுத்துக் கட்டையின் நீளம் உங்கள் கைக்கு அரை அங்குலம் கூடியோ குறைந்தோ போயிருக்கும். விரலின் முதல் கணு வளைவு வரை ட்ரிக்கர் உள்ளே வந்துவிட்டால் முழுதாக விடுவது கடினம். ட்ரிக்கருக்கும் பின்கட்டை விளிம்புக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, உங்களுக்கு நன்றாகப் பழகிய வேறொரு துப்பாக்கியின் அளவோடு வைத்துப் பாருங்கள்.

மூன்று இழுப்பு வகையில் இரண்டாவது வராமல் போனால், எண்ணிக்கை பிசகியிருக்கிறது. மிக உறுதியாகத் தோளில் அழுத்திச் சுடுபவர்களுக்குச் சில சமயம் அந்தத் தெரியாத இழுப்பே நடக்காது, அப்போது அவர்கள் வேண்டுமென்றே இழுக்கும் இழுப்பை ட்ரிக்கர் வெற்று இழுப்பாக எடுத்துக்கொள்ளும். மறுபடி ஒருமுறை விட்டு இழுத்தால் வெடிக்கும். எப்போதாவது என்றால் பழகிக்கொள்ளலாம், அடிக்கடி என்றால் ஸ்ப்ரிங்.

ட்ரிக்கர் கல்லாக நிற்கிறது என்றால் கதை வேறு. எடைக்கட்டி தடுக்கும் இடத்துக்குப் போய், திரும்பி வராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பழைய எண்ணெய் அரக்காகியிருக்கும், அல்லது கட்டிக்காகக் குடைந்த மரப் பள்ளம் ஈரத்தில் ஊதிக் கட்டியை உரசும். பின்கட்டையை லேசாகத் தட்டினால் விடுபடுகிறதா என்று ஸ்னாப் கேப் போட்டுப் பாருங்கள். விடுபட்டால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. அரக்கின் மேல் இன்னும் எண்ணெய் ஊற்றினால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மூன்றாவது வாரம் முன்பைவிட மோசமாகும்.

முதல் தோட்டா வெடிக்கவே இல்லை, இப்போது என்ன

குழல்முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 வினாடியாவது காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு திறந்து எடுங்கள். உதைப்பு வகைத் துப்பாக்கியில் இரண்டாவது குழல் கிடைக்காது, இது பழுதல்ல, அதன் பிறவிக்குணம். மூன்று இழுப்பு வகையில் ஒருமுறை கூடுதலாக இழுத்தால் கிடைக்கும், மற்ற வகையில் அடுத்த இழுப்பிலேயே கிடைக்கும். அதே குழலில் அடிக்கடி வெடிக்காமல் போனால் ஊசியையும் ஹேமர் ஸ்ப்ரிங்கையும் பாருங்கள், ட்ரிக்கருக்கு அதில் பங்கில்லை.

சில நாள் சரி, சில நாள் தவறு

என்னை நிறைய அலைக்கழித்தது இந்த அறிகுறிதான். என்னிடம் இருந்த ஒரு பாக்ஸ்லாக், மாற்றி அமைத்தது, ஒரு பருவம் முழுக்க நன்றாக இருந்து அடுத்த பருவத்தில் இரட்டைவெடி ஆரம்பித்தது. ட்ரிக்கரைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்தேன், ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி கொடுத்தேன். காரணம் நான்தான். நடுவில் ஒருநாள் கட்டை லேசாக ஆடுவதுபோலத் தோன்றி மேல் வாலின் (கட்டையின் மேல் பதிந்து பின்னால் நீளும் இரும்புப் பட்டையின்) திருகைக் கால் சுற்று இறுக்கியிருந்தேன், அதை மறந்தும்விட்டேன்.

கட்டையின் தலைப்பகுதி மரம் மேலே உள்ள இரும்பு வாலுக்கும் கீழே ட்ரிக்கர் பொருந்திய தகட்டுக்கும் நடுவே இறுக்கப்பட்டிருக்கிறது. சியரின் வால்கள் மேலிருந்து தொங்குகின்றன, ட்ரிக்கரின் பிளேடு கீழிருந்து அவற்றை முட்டித் தள்ள வேண்டும். நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும். மரம் நசுங்கினால், சுருங்கினால், தகடு மேலே ஏறி அந்த இடைவெளி போய்விடும், பிளேடு எப்போதும் சியர் வாலைத் தொட்டுக்கொண்டே இருக்கும், பாதி இழுத்து வைத்த துப்பாக்கிபோல ஆகிவிடும். மரம் ஊதினால் நேர்மாறு, தகடு கீழே போய் இடைவெளி கூடி, இழுப்பு நீண்டு, கடைசியில் சியரைத் தள்ள எட்டாமலேயே போகும். இரண்டு ட்ரிக்கரில் இது இழுப்பின் சுகத்தைக் கெடுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே பிளேடு இரண்டு சியரையும் முறைவைத்துத் தேட வேண்டிய ஒற்றை ட்ரிக்கரில் அந்த மயிரிழைதான் எல்லாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி. நல்ல பழைய துப்பாக்கிகளில் திருகுகளின் தலைக்கோடு துப்பாக்கியின் நீளவாக்கில் நேராக நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். மேல் வாலிலும் ட்ரிக்கர் தகட்டிலும் உள்ள திருகுகளைப் பாருங்கள். கோடு நேரைத் தாண்டிப் போயிருந்தால் மரம் நசுங்கியிருக்கிறது அல்லது யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். நேரை எட்டாமல் நின்றால் தளர்ந்திருக்கிறது. நீங்களே திருப்பிச் சோதிக்க நினைத்தால், அந்தத் திருகுகளின் கோடு மிக மெல்லியது, வீட்டுத் திருப்புளி அதைக் கடித்துக் குதறிவிடும். அளவுக்கு அரைத்த திருப்புளி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மரம் நசுங்குவதற்கு எண்ணெய் பெரிய காரணம். குழல் மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்கும் துப்பாக்கியில் நீங்கள் தாராளமாக ஊற்றும் எண்ணெயெல்லாம் மெதுவாக இறங்கி மரத்தின் தலையில்தான் போய் ஊறும். பத்து வருடத்தில் அது கறுத்து, மிருதுவாகி, திருகின் இறுக்கத்தைத் தாங்காது. கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மரம் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருந்தால் நகத்தால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எண்ணெயைச் சொட்டாகப் போடுங்கள், குழல்முனை கீழே இருக்கும்படியோ படுக்கவைத்தோ வையுங்கள்.

மழைநாளில் மட்டும் கோளாறு என்றால் மரம். குளிரில் மட்டும் என்றால் எண்ணெய். நாள் முழுக்கச் சுட்டபின் மாலையில் மட்டும் என்றால் சுடுபவரின் களைப்பு, தோள் தளர்ந்துவிடுகிறது, விரல் சோம்பல்படுகிறது. இவை கோட்பாடு இல்லை, முதலில் எங்கே பார்ப்பது என்பதற்கான ஊகம். அதனால்தான் காகிதம் கேட்டேன். தேதி, வானிலை, தோட்டா, எத்தனையாவது சுடுதலில் நடந்தது, எந்தக் குழல் முதலில் என்று எழுதுங்கள். நான் எழுதி வைத்திருந்தால் அந்தக் கால் சுற்று ஞாபகம் வந்திருக்கும்.

தவறான குழல் முதலில் வெடிக்கிறது

குழல் தேர்வு செய்யும் பொத்தான் உள்ள ட்ரிக்கர் என்றால் பொத்தான் நடுவில் நிற்கிறதா பாருங்கள். முழுதாக ஒரு பக்கம் போய் "டிக்" என்று உட்கார வேண்டும். நடுவில் நின்றால் எந்தக் குழல் வரும் என்று சொல்ல முடியாது, எதுவுமே வராமலும் போகலாம். சட்டைப்பை நூல், மரத்தூள், காய்ந்த எண்ணெய் என்று அதற்குள் என்னென்னவோ சேர்கிறது. பொத்தான் இல்லாத துப்பாக்கியில் வரிசை மாறினால் பொறிக்குள் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது, சுடுவதை நிறுத்துங்கள். பொத்தான் அடிக்கடி தொல்லை கொடுத்தால், அதை ஒரே பக்கம் நிலையாக நிறுத்திவிடச் சொல்வது என் பழக்கம். உடனுக்குடன் குழலைத் தேர்வு செய்ய வேண்டும் என்பவருக்கு இரண்டு ட்ரிக்கரைவிடச் சிறந்த கருவி எதுவும் இன்னும் வரவில்லை.

ட்ரிக்கர் முதலிலிருந்தே அசையவில்லை

சேஃப்டி. சிரிக்காதீர்கள். துப்பாக்கியைத் திறந்தாலே சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்படி பல பழைய துப்பாக்கிகள் செய்யப்பட்டிருக்கின்றன, மாற்றியபின் அந்தச் சறுக்கு முழுதாக முன்னால் போகாமல் கடைசி இம்மியில் நிற்கும். கட்டைவிரலால் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். போகவில்லை என்றால் மரம் ஊதி உரசுகிறது அல்லது புது ட்ரிக்கருக்கும் சேஃப்டிக்கும் அளவு சரியாக எடுக்கவில்லை. இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசமானது. சேஃப்டியைப் போட்டு, ஸ்னாப் கேப்போடு, ட்ரிக்கரை நன்றாக அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, பிறகு சேஃப்டியை விலக்குங்கள். விலக்கும்போது ஹேமர் விழுந்தால் அந்தத் துப்பாக்கி சரிசெய்யப்படும் வரை அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

"டபுள் ஆகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவரும் ட்ரிக்கரில்தான் ஆரம்பிப்பார். உங்கள் காகிதத்தைக் கொடுங்கள்: எந்த வகை ட்ரிக்கர், இடித்தால் விழுகிறதா, இறுக்கிப் பிடித்துச் சுட்டால் என்ன ஆனது, இரண்டு இழுப்பின் எடை, எந்தத் தோட்டா. முதலில் லாக்கையும் சியரையும் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மரம், கடைசியில் ட்ரிக்கர். இழுப்பை லேசாக்கித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் ட்ரிக்கர்தான் குற்றவாளி என்று உறுதியானால், அதுவும் பெயரில்லாத பட்டறை வேலை என்றால், அதோடு மல்லுக்கட்டுவதைவிடப் பழையபடி இரண்டு ட்ரிக்கராக்கிவிடுவது பல சமயம் மலிவு. ட்ரிக்கர் தகட்டைக் கவனியுங்கள், பழைய இரண்டு துளைகளையும் அப்படியே விட்டு ஒன்றை மட்டும் சின்னத் துண்டு வைத்து மூடியிருந்தால் திரும்பப் போவது எளிது, தகட்டையே வெட்டிப் புதுப் பொறிக்காக மரத்தையும் ஆழமாகக் குடைந்திருந்தால் எளிதல்ல. ஆனால் சியர் நழுவும் துப்பாக்கிக்கு இது மருந்தில்லை, இரண்டு ட்ரிக்கர் போட்டாலும் அது நழுவத்தான் செய்யும். மாற்றியபோது கழற்றிய அசல் ட்ரிக்கர்கள் சில சமயம் துப்பாக்கிப் பெட்டியின் மூலையில், எண்ணெய்த் துணியில் சுற்றி, யாரும் பார்க்காமல் கிடக்கும். புதிதாகச் செய்யக் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், விற்றவரிடமும் கேளுங்கள்.